பாதத்தடம் எடுக்கும் கிட்டுகள்: நாயை வாக்கிங் கூட்டிப்போகிறவர்களின் பார்வையில்

அடுத்தவர் வீட்டு நாயைத் தினமும் வாக்கிங் கூட்டிப்போகிறவருக்கு, அந்த நாய் இறந்தபின் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. கழுத்துப்பட்டை, தட்டு, படுக்கை, சாம்பல் எல்லாம் வீட்டாருடையவை. வைத்திருந்த சாவியையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வருடக்கணக்கில் ஒரே பாதையில் பக்கத்தில் நடந்த உயிர் போயிருக்கும், ஆனால் "உங்க நாயா?" என்று யாராவது கேட்டால் சொல்லப் பதில் இருக்காது. சுற்றியிருப்பவர்கள் துக்கமாகவே கணக்கில் எடுக்காத இழப்பு இது. இத்தகைய துக்கத்துக்குத் துக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-ல் ஒரு தனிப் பெயரே கொடுத்தார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இப்படித் துக்கப்படுகிறவருக்கு ஒரு பாதத்தடம் பெரிய ஆறுதல். அதற்கென்று விற்கும் கிட்டுகளில் எது உருப்படி, எது ஏமாற்றும் என்பதை வகை வகையாகப் பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காகிதத்தில் எடுப்பதென்றால் மையில்லாத் துடைப்புத்தாள் கிட். கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி வேண்டுமென்றால் ஓவனில் சுட்டு எடுக்கும் பாலிமர் க்ளே, அதாவது பிளாஸ்டிக் களிமண். பஞ்சு மாதிரி எடையே இல்லாத ஃபோம் க்ளே வரும் கிட்டுகளை வாங்க வேண்டாம். இந்த மூன்றையும்விட நல்லது ஒன்று உண்டு. அது கடையில் வாங்கும் கிட் அல்ல, பாதையில் விழுந்த தடத்தில் பிளாஸ்டர் வார்த்து எடுப்பது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறோம்.

எந்த வகையை வாங்கினாலும், நாய் உயிரோடு, நின்ற நிலையில் இருக்கும்போதே தடத்தை எடுத்துவிட வேண்டும். நாயின் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அந்த எடை விழும்போது நான்கு விரல் திண்டுகளும் விரிகின்றன, நகங்கள் முன்னால் நீள்கின்றன, நடுவில் இருக்கும் பெரிய திண்டு அகலமாகப் பதிகிறது. அதுதான் அந்த நாய் நடந்த தடம். இறந்தபின் எடுக்கும் தடத்தில் அசைவு இல்லாததால் கோடுகள் தெளிவாகவே இருக்கும், ஆனால் விரல்கள் குவிந்திருக்கும். வீட்டாருக்கு அந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகலாம். அந்தக் கால்களைத் தினமும் பின்னாலிருந்து பார்த்து நடந்தவருக்கு உடனே தெரியும்.

பாதத்தைத் தயார் செய்வது எல்லா வகைக்கும் ஒன்றுதான், சொதப்பல்களில் பாதி இங்கேதான் நடக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் இடுக்குகளில் துணியை விட்டுத் துடைத்து, பத்து நிமிடம் உலர விடுங்கள். துடைத்ததுமே எடுத்தால் தடம் கலங்கும். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதத் திண்டுகளில்தான் இருக்கின்றன. பதற்றப்பட்டால் அங்கே ஈரம் கசியும். கிட்டைப் பிரிக்கும் சத்தத்துக்கே மிரளும் நாய் என்றால் எல்லாவற்றையும் வேறு அறையில் பிரித்து வைத்துவிட்டு வாருங்கள். திண்டுகளுக்கு நடுவே வளர்ந்திருக்கும் முடியை முனை மழுங்கிய கத்தரியால் திண்டின் மட்டத்துக்கு வெட்ட வேண்டும். வீட்டாரைக் கேட்காமல் அதைச் செய்யக்கூடாது. வெட்ட அனுமதி இல்லையென்றால், ஒரு பழைய சாக்ஸின் நுனியை வெட்டிக் காலில் மாட்டி, பாதத்தைச் சுற்றியுள்ள முடியை மேலே ஒதுக்கிப் பிடிக்கச் செய்யலாம். நீளமுடி நாய்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது.

எந்தக் கால் என்பதும் முக்கியம். வயதான நாய்க்குப் பெரும்பாலும் இடுப்பும் பின்னங்கால் மூட்டுகளும் வலிக்கும், அதனால் முன்னங்கால்தான் நல்லது. சிகிச்சையில் இருக்கும் நாய் என்றால் ஊசி ஏற்றிய காலைத் தொடாதீர்கள், வீக்கம் இருக்கலாம். எடுத்தது முன் வலதா முன் இடதா என்று பின்பக்கம் அப்போதே எழுதிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

இப்போது ஒவ்வொரு வகையாக.

மையில்லாத் துடைப்புத்தாள் கிட்டில் ரசாயனம் தோய்த்த ஒரு தாளும், மேற்பூச்சுள்ள சில காகிதங்களும் இருக்கும். தாளால் பாதத்தைத் துடைத்துக் காகிதத்தில் அழுத்தினால் சில நொடிகளில் தடம் கருமையாகத் தெரியும். பாதத்தில் கறை நிற்காது. திண்டின் சொரசொரப்புவரை பதிவதுதான் இதன் பெருமை. பழுது எங்கே வருகிறது என்றால், ஒன்று, துடைப்புத்தாள் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், உறையைக் கிழித்ததும் காயத் தொடங்கிவிடும். நாய் தயாராக இருக்கிறது என்று உறுதியானபின் கிழியுங்கள். இரண்டு, காகிதத்தைத் தரையில் போட்டு நாயின் காலை இழுத்து வைத்தால் அது காலைத் திருகும், தடம் இரட்டைக் கோடாக விழும். பரீட்சை அட்டையில் காகிதத்தைச் செருகி, நாய் நிற்கும் இடத்தில் பாதத்தின் அடியில் நுழைத்துவிட்டு, எதிர்ப்பக்க முன்னங்காலை ஒரு நொடி லேசாகத் தூக்குங்கள். உடல் எடை தானாகவே காகிதத்தின் மேல் இறங்கும். பிறகு தூக்கிய காலை இறக்கி, தடம் எடுத்த காலை நேராக மேலே எடுக்க வேண்டும், பக்கவாட்டில் இழுக்கக்கூடாது. இடுப்பு பலவீனமான நாயிடம் இதைச் செய்யாதீர்கள். அதைப் படுக்கவிட்டு அட்டையைப் பாதத்துக்கு எதிராகப் பிடித்து அழுத்தினால் போதும். மூன்று, முடியில் அதிகமாகத் துடைத்தால் தடத்தைச் சுற்றித் தாடி மாதிரி கீற்று விழும். திண்டுகளை மட்டும் துடையுங்கள்.

இந்தக் காகிதத்துக்கு ஒரு குறை உண்டு. வெளிச்சத்திலும் சூட்டிலும் கிடந்தால் பில் காகிதம் மங்குகிற மாதிரி மங்கும் அபாயம் இருக்கிறது. எடுத்த அன்றே 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, அதிலிருந்து பிரதி எடுத்துச் சட்டம் போடுங்கள். அசல் இருட்டில், அமிலமில்லாத் தாளுக்குள் இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை வேண்டாம். வாக்கிங் கூட்டிப்போகிறவருக்கு இந்த வகையை முதலில் பரிந்துரைக்கக் காரணம், இரண்டு தாள் எடுக்க முடிகிறது: ஒன்று வீட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. வேலையும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் ஒரு பக்கம் மட்டும் மை இருக்கும் கிட்டுகளும் விற்கின்றன. மைப்பக்கம் காகிதத்தின் மேல் இருக்க, சுத்தமான பக்கத்தில் பாதத்தை அழுத்த வேண்டும். கால் நீட்டவே பிடிக்காத நாய்க்கு இது வசதி. முடியின் கீற்றும் விழாது. ஆனால் படலம் நடுவில் இருப்பதால் திண்டின் சுருக்கங்களும் விழாது. வழவழப்பான ஒரு முத்திரை மாதிரிதான் வரும். மை காய்வதற்குள் தொட்டால் இழுத்துவிடும்.

க்ளே வகைகளில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஃபோம் க்ளே பாக்கெட்டைப் பிரித்தால் மிருதுவாக, உற்சாகமாகவே இருக்கும். அழுத்தினால் பதியும். சில நிமிடம் கழித்துப் பார்த்தால் பள்ளத்தின் ஓரங்கள் எழும்பி உருண்டிருக்கும், நகத்தின் புள்ளிகள் மூடியிருக்கும். அது மீள்தன்மை உள்ள பொருள், அதன் குணமே அப்படி. கைக்குழந்தையின் முழுக்கைத் தடத்துக்கு இது போதுமாக இருக்கலாம், நாயின் நகத்துக்குப் போதாது. இன்னொரு வாய்ப்பு இல்லாத நேரத்தில் இந்த க்ளேயை நம்பி இறங்கக் கூடாது.

காற்றில் காயும் சாதாரண க்ளே தடத்தை நன்றாகவே பிடிக்கும், காயும்போதுதான் காலைவாரும். நீர் ஆவியாகும்போது அது சுருங்குகிறது. மேற்புறம் முதலில் காய்ந்து அடிப்புறம் ஈரமாக இருந்தால் ஓரம் அப்பளம் மாதிரி மேலே வளையும், நடுவில் விரிசல் ஓடும். இதைத் தவிர்க்க, சப்பாத்திக்கட்டையால் சீரான 1 செ.மீ. கனத்துக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். அழுத்தும் ஆழம் 4, 5 மி.மீ. இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் பள்ளத்தின் அடி மெலிந்து அங்கேதான் உடையும். விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் ஒன்றரை செ.மீ. இடம் விடுங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குச் சுமார் 150 கிராம் க்ளே வேண்டும். பெரிய இன நாய்க்கு 14 செ.மீ. வட்டம் வேண்டியிருக்கும், அதற்குச் சுமார் 300 கிராம். பல கிட்டுகளில் வரும் சின்னப் பாக்கெட் பெரிய நாய்க்குப் பற்றாது. வாங்குவதற்கு முன் எடையைப் பாருங்கள். காயவைப்பது கம்பி வலைத்தட்டின் மேல், நிழலில், ஃபேன் காற்று நேராகப் படாத இடத்தில். முதல் நாள் மேலே ஒரு துணியைத் தளர்வாகப் போட்டுவையுங்கள், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். மூன்று நாளாவது ஆகும். வெயிலில் வைக்கவே கூடாது.

பாலிமர் க்ளேயில் நீர் இல்லை, அதனால் சுருக்கம் பெயரளவுக்குத்தான். விரிசல் பயமும் குறைவு. சுட்டபின் நனைந்தாலும் கரையாது. சிக்கல் அதன் கெட்டித்தன்மை. பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் கல் மாதிரி இருக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் கையில் பிசைந்து இளக்கிய பிறகே நாயிடம் போக வேண்டும். இளகாத க்ளேயில் அழுத்தினால் தடமும் விழாது, மூட்டுவலியுள்ள நாய்க்குத் துன்பமும் கூட. அழுத்தும் முறையும் வேறு: காலை க்ளேயில் அழுத்துவதைவிட, காலை இயல்பான நிலையில் தாங்கிப் பிடித்து க்ளேயைப் பாதத்துக்குக் கொண்டுபோய் அழுத்துவது மேல். ஒவ்வொரு விரலையும் மேலிருந்து கட்டைவிரலால் ஒருமுறை அமுக்குங்கள், நடுத் திண்டை உள்ளங்கையால். முதல்முறை சரியாக வராவிட்டால் உருட்டித் தேய்த்து மறுபடி எடுக்கலாம், இரண்டாம் முறைக்குமேல் நாயைப் பாடுபடுத்த வேண்டாம்.

சுடும் வெப்பம் பெரும்பாலான பாலிமர் க்ளேக்களுக்கு 130 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 6 மி.மீ. கனத்துக்கு 15 நிமிடம் என்பது பரவலான கணக்கு, 1 செ.மீ. என்றால் ஏறக்குறைய அரை மணி. பாக்கெட்டில் எழுதியிருப்பதே இறுதி. வீட்டு ஓவனின் முள் காட்டுவதும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை, தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். அதிகச் சூட்டில் இது கருகும், எரிச்சலூட்டும் ஹைட்ரஜன் குளோரைடு புகையும் வரும். வழவழப்பான டைல்ஸ் துண்டின் மேல் வைத்துச் சுட்டு, ஓவனை அணைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள். சூட்டோடு எடுத்தால் வளையும். பெயரையும் தேதியையும் சுடுவதற்கு முன்பே எழுத வேண்டும். க்ளேயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பரப்பி அதன்மேல் பல்குச்சியால் எழுதினால் எழுத்தின் ஓரம் பிசிறில்லாமல் மழமழவென்று வரும்.

பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் தூள் வரும் கிட்டில் பாதத்தை முழுவதுமாக முக்கி, பிளாஸ்டர் ஊற்றி, பாதத்தையே சிலையாக எடுக்கலாம். அழகாக வரும். ஆனால் அது கெட்டியாகும் மூன்று, நான்கு நிமிடம் நாய் காலை அசைக்காமல் நிற்க வேண்டும், முடிமேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவாவிட்டால் பிடித்து இழுக்கும். குளிர்ந்த நீரில் கலக்கினால் கெட்டியாவது தாமதப்படும், வெந்நீரில் கலக்கினால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். அச்சில் இருந்து நீர் கசிந்து அது சுருங்கத் தொடங்குமுன், அரை மணிக்குள் பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும். அனுபவமில்லாதவர் நோயாளி நாயிடம் முயலக் கூடாத வகை இது.

இரண்டு கடுமையான எச்சரிக்கைகள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நாயின் பாதத்தை நேரடியாக வைக்கவே கூடாது. நீர் சேர்ந்து இறுகும்போது அது சூடாகிறது, கனமாக இருந்தால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும். அடுத்தது, மாவும் உப்பும் பிசைந்து வீட்டிலேயே செய்யும் முறை. செலவில்லை என்று பலர் சொல்லித்தருகிறார்கள். அந்த வில்லையை வீட்டிலுள்ள இன்னொரு நாய் தின்றுவிட்டால் உப்பு நஞ்சாகி உயிருக்கே ஆபத்து. ஒரு நாயை இழந்த வீட்டில் இதைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

மூக்குத்தடம் எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நாயின் மூக்கில் உள்ள வரிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான கனடாவின் கென்னல் கிளப் 1938-லேயே மூக்குத்தடத்தை அடையாளமாக ஏற்கத் தொடங்கியது. எடுப்பதும் எளிது: ஈரத்தைத் துடைத்து, உணவில் சேர்க்கும் நிறத்தைத் துணியால் லேசாக ஒற்றி, வளைத்துப் பிடித்த காகிதத்தை மூக்கில் தொட்டு எடுக்க வேண்டும். ஸ்டாம்ப் மை வேண்டாம், மூச்சுத் திணறலுள்ள நாயிடம் எதுவுமே வேண்டாம்.

நாய் இறந்தபின்தான் எடுக்க முடிகிறது என்றால் நேரம் முக்கியம். சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும், அதன்பின் விரல்கள் விரியாது. கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் க்ளே தடம் எடுத்துத் தருகிறார்கள். முன்கூட்டியே கேட்டுவைத்தால்தான் மறக்காமல் நடக்கும். இரண்டு தடம் கேட்கும்படி வீட்டாரிடம் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருக்கும். ஒன்று மட்டுமே வந்தாலும் பரவாயில்லை. சுட்ட க்ளே தடத்தின்மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மெலிதாகப் பூசி, சுற்றிலும் அட்டையால் வரம்பு கட்டி, பிளாஸ்டர் ஊற்றினால் அந்தப் பாதத்தின் புடைப்பு உருவம் கிடைக்கும். அசல் வீட்டிலேயே இருக்க, நகல் உங்களுக்கு.

இனி, பாதையில் கிடக்கும் தடம். காட்டு விலங்குகளின் தடத்தை ஆய்வு செய்கிறவர்கள் காலங்காலமாகச் செய்யும் முறைதான் இது, வாக்கிங் கூட்டிப்போகிறவருக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. நாயைப் பிடிக்க வேண்டாம், கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம். அது தன் பாட்டுக்கு நடந்திருக்கும், எடை இயல்பாக விழுந்திருக்கும், அது வழக்கமாக மோப்பம் பிடிக்க நிற்கும் திருப்பத்து மண்ணே தடத்தில் ஒட்டியிருக்கும்.

தேவை: அரை கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், தண்ணீர் பாட்டில், கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று, 4 செ.மீ. அகலமும் 45 செ.மீ. நீளமும் உள்ள அட்டைப்பட்டை, ஒரு கிளிப். மழை விட்ட மறுநாள், நைசான மண் ஈரமாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். தண்ணீர் தேங்கிய சேறு ஆகாது, காய்ந்த மணலும் ஆகாது. நாய் ஓட்டமாகப் போகும்போது பின்னங்கால் பெரும்பாலும் முன்னங்கால் பட்ட இடத்திலோ அதை ஒட்டியோ விழும், அதனால் நிதானமாக நடந்த இடத்தில் தனியாக விழுந்த ஒரு தடத்தைத் தேர்ந்தெடுங்கள். நகங்கள் நான்கும் தெரிகிறதா பாருங்கள். உள்ளே விழுந்த இலையை மெல்ல எடுங்கள், மண்ணோடு ஒட்டியதை விட்டுவிடுங்கள். ஊற்றும் முன் மேலிருந்து நேராக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டையை வளையமாக்கிக் கிளிப் போட்டுத் தடத்தைச் சுற்றி மண்ணில் ஒரு செ.மீ. இறக்குங்கள். பையில் முதலில் தண்ணீர், பிறகு தூள், இந்த வரிசை மாறினால் கட்டி தட்டும். 100 கிராம் தூளுக்கு 60 முதல் 70 மி.லி. தண்ணீர். 400 கிராம் தூள் ஒரு நடுத்தரத் தடத்துக்குத் தாராளம். பையை வெளியிலிருந்து பிசைந்து கட்டித் தயிர்ப் பதம் வந்ததும் பையின் மூலையை வெட்டி ஊற்றுங்கள். தடத்தின் நடுவில் ஊற்றினால் கோடுகள் கரையும். பக்கத்து மண்ணில் விழுந்து வழிந்து தடத்துக்குள் போகும்படி ஊற்ற வேண்டும். கனம் இரண்டு செ.மீ. இருக்கட்டும். வளையத்தை லேசாகத் தட்டினால் காற்றுக்குமிழி மேலே வரும். நாய் இதை நக்காமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், பிளாஸ்டர் வயிற்றுக்குள் போய் இறுகினால் அடைப்பு வரும். தனியாகப் போகிறீர்கள் என்றால் நாயை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து ஊற்றுங்கள். மிச்சத்தை வாய்க்காலிலோ சிங்கிலோ கொட்டாமல் பையோடு இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

அரை மணி முதல் முக்கால் மணியில் தூக்கலாம். கம்பியால் நெம்பாமல் அடிமண்ணோடு கையை விட்டு எடுங்கள். வீட்டுக்குப் போனதும் கழுவும் ஆசை வரும், கழுவாதீர்கள். இரண்டு நாள் காய்ந்தபின் பழைய பல்துலக்கியால் தண்ணீர் தொட்டு மண்ணை நீக்கலாம். விரல் நடுவே ஒட்டிய கொஞ்சம் மண்ணை அப்படியே விட்டுவிடுவது நம் விருப்பம். இந்த வார்ப்பு ஒன்றிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்துவைத்தால் எத்தனை நகல் வேண்டுமானாலும் வார்க்கலாம்.

வீட்டாரிடம் அனுமதி கேட்பதை நாய் நன்றாக இருக்கும் நாட்களிலேயே முடித்துவிடுங்கள். "நேத்து மழைக்கு இன்னைக்குத் தடம் நல்லா விழுந்திருக்குங்க, ஒண்ணு வார்த்து எடுத்துக்கட்டுமா?" என்ற ஒரு மெசேஜ் போதும், யாரும் மறுக்கமாட்டார்கள். இறந்த செய்தி வந்தபின் முதல் சில நாட்களில் தடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்காதீர்கள். தடம் ஒன்று உங்களிடம் இருக்கிறது, வேண்டும்போது சொன்னால் கொண்டுவந்து தருவீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் போனில் அந்த நாயின் பெயரில் தானாகப் போகும் நினைவூட்டல் செய்தி ஏதாவது இருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

கொடுக்கும்போது பிளாஸ்டரைப் பருத்தித் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் வைத்தால் மிச்ச ஈரத்தில் பூசணம் பிடிக்கும். பின்பக்கம் பென்சிலால் பெயர், எந்தக் கால், எந்தப் பாதை, என்ன தேதி. சாவியோடு உங்களிடம் இருந்த லீஷையும் அதனுடன் கொடுப்பீர்கள் அல்லவா, அதைக் கழுவாமல் கொடுங்கள். நாயின் வாசனை இன்னும் அதில் இருக்கும். கழுவுவதா வேண்டாமா என்பதை வீட்டார் முடிவு செய்யட்டும்.